டேங்க் சின்னது, மலை பெரியது: பைக்கின் ரேஞ்சைக் கூட்ட நினைப்பவர்களுக்கு

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும்போது, கொட்டச்சேடு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், என் பழைய ஸ்ப்ளெண்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பை, மலையடிவாரத்திலேயே ரிசர்வுக்கு, அதாவது அடியில் மிஞ்சும் கடைசிப் பெட்ரோலுக்கு, திருப்பியாயிற்று. ‘ரிசர்வில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடுமே, ஏற்காடு முப்பதுதானே’ என்பது என் கணக்கு. பின்னால் நண்பன், அவன் முதுகில் ஒரு பை. மணி மாலை ஐந்தரை.

காப்பி மூட்டையோடு எக்ஸ்எல்லில் வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தினார். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "சுத்தமா தீரலைங்க தம்பி. டேப்ப மூடிட்டு வண்டிய உங்க பக்கமா நல்லா சாய்ங்க, இன்னுங் கொஞ்சம்" என்றார். தரையைத் தொடுகிற அளவுக்கு இடது பக்கம் சாய்த்தோம். டேங்க்குக்குள் ‘களக்’ என்று சத்தம். நிமிர்த்தி, டேப்பைத் திறந்து, ஒரு நிமிடம் விட்டு உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. மேலே பங்க் வரை போய்ச் சேர்ந்தோம்.

நடந்தது இதுதான். டேங்க் என்பது ஃப்ரேமின் மேல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்த மாதிரியான பாத்திரம். நடுவில் மேடு, இருபுறமும் பள்ளம். டேப் இடது பக்கப் பள்ளத்தில் இருக்கிறது. மட்டம் இறங்க இறங்க, வலது பக்கப் பள்ளத்தில் கிடக்கும் பெட்ரோல் மேட்டைத் தாண்டி வர முடியாமல் அங்கேயே தங்கிவிடும். சாய்த்தால் வரும். எந்த மாற்றமும் செய்யாமல், ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கிற ‘கூடுதல் ரேஞ்ச்’ இது; ரேஞ்ச் என்றால் கையிலிருக்கும் பெட்ரோலில் போகக்கூடிய தூரம். டேப் வைத்த பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டிகளுக்கு மட்டும்தான் இந்த வித்தை. சாய்க்கும்போது டேப் மூடியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் இருக்கக் கூடாது.

அன்றைக்கு என் கணக்கு எங்கே தப்பியது என்று வீட்டுக்கு வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். வண்டியும் இரண்டு பேரும் பையும் சேர்ந்து 250 கிலோ என்று வையுங்கள். அந்த எடையை 1,200 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 350 முதல் 400 மில்லி பெட்ரோல் ஆகும், ஏனென்றால் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் கால் பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது. முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கான 600 மில்லி தனி. இரண்டையும் கூட்டினால் ஒரு லிட்டர். என் ரிசர்வும் அவ்வளவுதான். மலையில் ரேஞ்சைக் கிலோமீட்டரில் மட்டும் எண்ணக் கூடாது, எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். ‘ரேஞ்சைக் கூட்ட வேண்டும்’ என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் பெரிய டேங்க்கில்தான் தொடங்குகிறார்கள். அது கடைசி வேலை. வரிசை இப்படி: முதலில் அளப்பது, அடுத்து வீணாவதை நிறுத்துவது, பிறகு கேன், அதுவும் போதாதென்றால் டேங்க்.

அளப்பது

ஒரே பங்க், ஒரே பம்ப். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, முனை தானாக ‘டக்’ என்று நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் பிடிவாதமாக ஊற்றச் சொல்லாதீர்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு வழக்கம்போல 150, 200 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதே பம்ப்பில், அதே ஸ்டாண்டில், அதே ‘டக்’ வரை மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். 162 கிலோமீட்டருக்கு 3.1 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 52. இதை மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். ஒரு தடவை எடுத்த கணக்கை நம்பி யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள்.

மலைக்குத் தனியாக ஒரு கணக்கு வேண்டும். அடிவாரத்தில் நிரப்பி, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, மேலே பங்க்கில் நிரப்பிப் பாருங்கள். வருகிற எண் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் ஏற்காடு இருக்கும் ஷேர்வராயன் மலையில் அந்த எண்தான் உங்கள் உண்மையான மைலேஜ். இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுதும் அல்ல.

டேப் உள்ள வண்டியென்றால் ரிசர்வையும் அளந்து வையுங்கள். மெயினில் ஓட்டி வண்டி இருமும் இடத்தில் நிறுத்தி, குழாயைக் கழற்றி, ரிசர்வில் வைத்து, வருவதை ஓர் உலோக அளவுக் குவளையில் பிடித்தால் மில்லி கணக்கில் தெரிந்துவிடும். திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு. முள் காட்டும் மீட்டர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: ஏற்றத்தில் ஒன்று காட்டும், இறக்கத்தில் வேறொன்று காட்டும். உள்ளே மிதக்கிற பந்துதான் அதற்குக் காரணம், வண்டி சாய்ந்தால் அதுவும் சாயும். சமதளத்தில் நிறுத்திப் பார்த்ததை மட்டும் நம்புங்கள்.

ஓட்டையை அடைப்பது

டேங்க்கில் ஓட்டை இல்லாமலே பெட்ரோல் ஒழுகும். எங்கள் மெக்கானிக் அண்ணன் மைலேஜ் இல்லை என்று யார் வந்தாலும் முதலில் கார்புரேட்டரைத் தொட மாட்டார். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி விடுவார். சக்கரம் சோம்பேறித்தனமாகப் பாதிச் சுற்றில் நின்றால், "பிரேக் புடிச்சுக்கிட்டே ஓடுதுங்க" என்பார். என் வண்டியிலும் அதுதான் இருந்தது. மலை இறங்கும்போது பிரேக் போதவில்லை என்று பிரேக் ராடை நானே இரண்டு திருகு கூடுதலாக முறுக்கி வைத்திருந்தேன். பிரேக் ஷூ எப்போதும் சக்கரத்தின் நடுவில் உள்ள டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்களே பார்க்க வழி உண்டு: பிரேக்கே பிடிக்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, டிரம்முக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். சூடு அடித்தால் உங்கள் காசு அங்கே எரிகிறது.

அப்புறம் டயர் காற்று. எவ்வளவு என்று செயின் கவர் பக்கமோ பின் ஃபோர்க்கிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தனியாகப் போக ஓர் அளவு, இருவராகப் போக ஓர் அளவு. டயர் சூடாகும் முன், காலையில் பிடியுங்கள். செயின் தொய்வை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கலாம். இறுக்கமாக வைப்பதும் தப்பு. பள்ளத்தில் விழும்போது இழுத்துப் பிடித்து பேரிங்கைத் தின்னும். ஏர் ஃபில்டர் சேலம் லீ பஜார் தூசியில் ஆறு மாதம் ஓடியிருந்தால் அதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

இங்கே ஒரு புலம்பல். ரேஞ்ச் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தடித்த டயர், கனமான கிராஷ் கார்ட், காற்றைத் தடுக்கும் அகலப் பெட்டி என்று மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அழகுக்காகப் போட்டது ஒவ்வொன்றும் டேங்க்கில் ஒரு வாய் குடிக்கும். கம்பெனி கொடுத்த அளவு டயருக்குத் திரும்பிப் போவதே சிலருக்கு நல்ல ‘மாடிஃபிகேஷன்’.

கார்புரேட்டர் வண்டியில் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்துப் போயிருந்தால் குறைவாகப் போகிறது, அது எஞ்சினுக்கு ஆபத்து. மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடுவதால் சேலத்தில் சரியாக இருந்த கலவை ஏற்காட்டில் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மேலே வைத்து ஸ்க்ரூவைத் திருகிக் கலவையை மெலிதாக்கிவிட்டு, அப்படியே கீழே இறங்கி உளுந்தூர்பேட்டை ரோட்டில் மே மாத வெயிலில் எண்பதில் ஓட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகலாம். எங்கே அதிகம் ஓட்டுகிறீர்களோ அங்கே செட் செய்யுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை அளவுக்கான அரசு விதி) வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுபவை. அவை காற்றழுத்தத்தைப் பார்த்துத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். ‘மைலேஜ் சிப்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, நம் கையில் இல்லாதது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆக டேங்க் அதே டேங்க்தான், உள்ளே இருக்கும் சக்தி ஆறேழு சதவீதம் குறைந்திருக்கிறது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு ‘முன்னே இவ்வளவு போச்சே’ என்று மெக்கானிக்கோடு சண்டை போடாதீர்கள். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். ஏற்காட்டுப் பனியில் பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைத்தால் உள்சுவரில் ஈரம் படியும், அடியில் தண்ணீர் சேரும். நிறுத்துவதானால் நிரப்பி நிறுத்துங்கள்.

ஸ்ப்ராக்கெட்டை மாற்றலாமா?

முன் ஸ்ப்ராக்கெட்டில் (எஞ்சின் பக்கம் செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் கூட்டினால், 14-க்கு 15, அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு சதவீதம் குறைவாகச் சுற்றும். சேலத்திலிருந்து அடிக்கடி தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நான்குவழிச் சாலையில் ஒரே சீராக ஓடுகிறவருக்கு இது கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். ஏற்காட்டு மலையில் நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ வீடு வைத்திருப்பவர் இதைத் தொடக் கூடாது. வளைவில் இரண்டாவது கியர் இழுக்காது, முதல் கியருக்கு இறங்குவீர்கள், கிளட்ச்சைப் பாதியில் பிடிப்பீர்கள். மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போய்விடும், கிளட்ச் பிளேட்டுக்குத் தனிச் செலவு. வேகமானி கியர்பாக்ஸிலிருந்து ஓடும் வண்டி என்றால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும், உங்கள் மைலேஜ் கணக்கும் கோணலாகும். முன் சக்கரத்திலிருந்து ஓடினால் அந்தத் தொல்லை இல்லை. நான் ஒரு வருடம் 15 போட்டுப் பார்த்துவிட்டு 14-க்கே திரும்பிவிட்டேன்.

கேன்

கொல்லிமலையின் எழுபது வளைவுகளோ, கல்வராயன் மலையின் உள்கிராமங்களோ, யாருக்காவது அதையும் தாண்டி லடாக் ஆசையோ இருந்தால்தான் இந்தப் பகுதி தேவை. மணாலி-லே பாதையில் தாண்டி என்ற ஊர் பங்க்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று போர்டு வைத்திருந்தது பைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 என்றால் 390. சமதளத்தில் அது போதும். கணவாய் கணவாயாக ஏறும் பாதையில் போதாது. ஐந்து லிட்டர் கேன் ஒன்று அந்தக் கவலையைத் தீர்த்துவிடும். டேங்க்கை வெட்டி ஒட்டத் தேவையில்லை.

கேன் உலோகத்தில் இருக்கட்டும். உரிமம் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ளப் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில். தண்ணீர் பாட்டிலில் பங்க்காரர் தர மறுத்தால் அவர் செய்வதுதான் சரி. வாங்கியதும் கேனில் தண்ணீர் நிரப்பி, மூடி, ஓர் இரவு தலைகீழாகப் பழைய செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் கடைக்குத் திரும்பக் கொடுங்கள். நனையவில்லை என்றால் வெயிலில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நிரப்பும்போது கேன் வண்டியில் இருக்கக் கூடாது, தரையில் இருக்க வேண்டும். பங்க் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். கேரியர் மேல் ரப்பரில் உட்கார்ந்த கேனில் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்க வாய்ப்பு உண்டு. கழுத்து வரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள், வெயிலில் பெட்ரோல் விரியும்.

மாட்டும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐந்து லிட்டர் என்பது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, கேன் எடை தனி. கேரியரின் வாலில் உயரத்தில் கட்டினால் கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் லேசாகி, ஹேண்டில் ஆடுவது தெரியும். தாழ்வாக, பின் சக்கர அச்சுக்குப் பக்கத்தில், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் சைலன்சர் வலது பக்கம் என்பதால் கேன் இடது. ஒரு வெல்டிங் பட்டறையில் சதுரப் பைப்பில் சட்டம் அடித்து, அடியில் டியூப் ரப்பர் ஒட்டி, பெல்ட் போட்டு இறுக்கினால் போதும். கயிறு வேண்டாம், அதிர்வில் தளரும்.

கேனைக் கடைசி வரை காப்பாற்றி வைத்திருக்காதீர்கள். டேங்க்கில் ஐந்து லிட்டர் இடம் காலியானதுமே ஊற்றிவிடுங்கள். விழுந்தால் அடிபடுவது முதலில் கேன்தான். பெட்ரோல் டேங்க்குக்குள் இருப்பதே பத்திரம். சேலத்துச் சூட்டில் மூடிய கேனை மேலே போய்த் திறக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று சீறும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதுதான் காரணம். ஒரேயடியாகத் திருகாமல் மூடியைக் கால் சுற்று விட்டு, சத்தம் அடங்கிய பிறகு திறங்கள். என் நண்பன் முகத்தை மேலே வைத்துக்கொண்டு திறந்து, கண் எரிச்சலில் அரை மணி நேரம் குழாயடியில் உட்கார்ந்திருந்தான்.

கேனிலிருந்து நேராக எஞ்சினுக்குக் குழாய் கொடுக்கிற ‘டபுள் டேங்க்’ யோசனை சிலருக்கு வரும். டேப்பிலிருந்து தானாக இறங்கும் கார்புரேட்டர் வண்டியில் டி-ஜாயின்ட் போட்டு அது முடியும். ஆனால் கேன் கார்புரேட்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், மூடியில் காற்றுத்துளை வேண்டும், ஃபில்டர் வேண்டும், ஒவ்வொரு இணைப்பிலும் கிளிப் வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் நினைக்கவே வேண்டாம். அந்தக் குழாயில் சுமார் 3 பார் அழுத்தம் ஓடுகிறது, ஒரு இணைப்பு கழன்றால் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சி அடிக்கும்.

பெரிய டேங்க்

கடைசியாக இது. வேறு மாடலின் பெரிய டேங்க்கை மாட்டுவது ஒரு வழி. பின் போல்ட்டு, முன் ரப்பர், ஹேண்டிலைத் திருப்பினால் இடிக்காத இடைவெளி, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். தகட்டில் அடித்துப் புதிதாகச் செய்வது இன்னொரு வழி. என் நண்பன் ஒருவன் ஒரு பட்டறையில் பழைய டேங்க்கை அகலப்படுத்தி வாங்கி வந்தான். பளபளவென்று பெயின்ட், பார்க்க அம்சமாக இருந்தது. மூன்றாவது வாரம் அடிப்பக்கத் தையலில் ஒரு மயிரிழை விரிசல். ஏற்காடு ஏறி இறங்கும் அதிர்வுக்கு அந்த வெல்டிங் தாங்கவில்லை. சொட்டுச் சொட்டாக சிலிண்டர் ஹெட் மேல் விழுந்திருக்கிறது. வாசனை பிடித்து நிறுத்தியதால் தப்பித்தான்.

செய்துதான் ஆக வேண்டும் என்றால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். பழைய டேங்க்கில் நெருப்பு வைக்கும் முன் பெட்ரோலை வடித்தால் மட்டும் போதாது, காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, வெல்டிங் செய்யும் இடம் தவிர மற்றதைத் தண்ணீரால் நிரப்பி வைத்துச் செய்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள். பெயின்ட் அடிக்கும் முன், வாயை அடைத்து மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்து, தையல் முழுக்க நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மாட்டிய பிறகு ஒரு மாதம் தினமும் தையலை விரலால் தடவிப் பார்த்து மோந்து பாருங்கள். மூடியின் காற்றுத்துளையில் பெயின்ட் அடைத்திருந்தால் பாதி டேங்க்கிலேயே வண்டி நிற்கும். மூடியைத் திறந்து மூடினால் கிளம்பும், அதுதான் அடையாளம். இன்ஜெக்‌ஷன் டேங்க்கில் பம்ப் உள்ளேயே இருப்பதால், புதிய டேங்க்கில் பம்ப் உட்காரும் ஆழம் மாறினால் அடியில் இரண்டு லிட்டர் எடுக்க முடியாமலே கிடக்கும். மீட்டரும் பொய் சொல்லும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்திலிருந்தும் தயாரித்த கம்பெனியின் அமைப்பிலிருந்தும் விலகும் மாற்றங்களை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு வரலாம். விபத்தானால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். டேங்க்கில் கைவைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். கழற்றி மாட்டக்கூடிய கேனுக்கும் சட்டத்துக்கும் இந்தத் தகராறு இல்லை, நான் கேனோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறங்கும்போது

ஏறியதைச் சரிக்கட்ட, இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்களை அடிவாரம் சாலையில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். செய்யாதீர்கள். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் இருபது வளைவுக்கும் பிரேக்கையே நம்பினால், பாதி தூரத்தில் டிரம் சூடாகி, அழுத்தினாலும் பிடிக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் இது மிச்சமும் இல்லை. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு இறங்கினால் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் போவதையே நிறுத்திவிடும், எஞ்சினைச் சக்கரம்தான் சுற்றும். நியூட்ரலில் ஓடவிட்டால் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்கே (ஐடில்) அது குடித்துக்கொண்டேதான் வரும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

நான் இப்போது செய்வது: அஸ்தம்பட்டி தாண்டும் முன் டேங்க் பாதிக்கு மேல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தே பார்ப்பேன். இல்லையென்றால் கோரிமேட்டில் நிறுத்தி நிரப்பிவிட்டுத்தான் மலையைப் பார்ப்பேன். கேன் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் காலியாக, மூடி திறந்து கிடக்கிறது. கொல்லிமலைக்குப் போகும் அன்று மட்டும் வெளியே வரும்.